போனில் எந்த பிரவுசர் வைப்பது? பாலக்கோட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

போன மாதம் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். தக்காளி மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார், விரலில் மண் அப்படியே இருந்தது. போனை மேசையில் வைத்து, "பாப்பா, இதுல வைரஸ் வந்துடுச்சாம். காலையில இருந்து அதுவே சொல்லிக்கிட்டு இருக்கு" என்றார்.

திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக அறிவிப்புகள். "உங்கள் போனில் 4 வைரஸ்." "பேட்டரி சேதமாகிறது, உடனே சரிசெய்யவும்." "உங்களுக்கு 5 லட்சம் கடன் தயார்." வைரஸ் எதுவும் இல்லை. என்றைக்கோ படம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்தவும்" என்று வந்திருக்கிறது, அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பின் ஓரத்திலும் பிரவுசரின் சின்னம் கடுகளவில் இருந்தது. பயந்து போயிருக்கிற மனுஷன் அதையா பார்ப்பார்?

ஒரு அறிவிப்பை அழுத்திப் பிடித்து, அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. "இந்த மாதிரி வராத வேற எதுனா இருந்தா போட்டுக் குடு பாப்பா" என்றார். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், வில்லங்கம், ஹால் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம் என்று நாள் முழுக்க பிரவுசரோடுதான் இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "கூகுள்ல போய்ப் பார்த்தேன்" என்றுதான் சொல்வார்கள். கூகுள் நாம் வழி கேட்கிற ஆள். பிரவுசர் நாம் ஏறிப் போகிற வண்டி. வழி கேட்கிற ஆளை மாற்றாமலே வண்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போன் வாங்கும்போது எது இருந்ததோ அதிலேயே காலம் ஓடிவிடுகிறது.

வண்டிக்குப் பெயர் எத்தனை இருந்தாலும் உள்ளே இருக்கிற எஞ்சின் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். ஆண்ட்ராய்டு போனில் குரோம், பிரேவ், எட்ஜ், சாம்சங் இன்டர்நெட், விவால்டி எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. ஃபயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற தன் சொந்த எஞ்சினில் ஓடுகிறது. ஐபோனில் வெப்கிட். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய பயம் போய்விடும். குரோமில் சரியாகத் திறக்கிற தளம் பிரேவிலும் எட்ஜிலும் அநேகமாக அப்படியே திறக்கும். "மாத்தினா பட்டா வராதா?" என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, குரோமிலிருந்தே தொடங்குவோம். 2012-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் தானாகவே இருக்கிறது. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசுத் தளமோ வங்கித் தளமோ எழுதுகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது குரோமில்தான். பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கோடு சேர்ந்து வருவதால், போன் தொலைந்து புதுப் போன் வாங்கினாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும். ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் மாற்றிக் காட்டும் வசதி என் அத்தைக்கு எவ்வளவோ உதவியிருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் விவரத்தை அவர் இப்போது தானே படித்துக்கொள்கிறார். வாக்கியம் அங்கங்கே கோணலாக வந்தாலும் விஷயம் புரிந்துவிடுகிறது.

குறை விளம்பரத்தில் இருக்கிறது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. 2018 முதல் குரோம் மிக மோசமான விளம்பரங்களை மட்டும் வடிகட்டுகிறது, மற்றவை எல்லாம் வரும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள், போட வழியில்லை என்பதால் விளம்பரத் தடுப்பானை நாமாகவும் சேர்க்க முடியாது. ஒரு தளத்தில் நாம் பார்த்ததை இன்னொரு தளத்துக்குக் கடத்தும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்தப்போவதாக 2020-இல் கூகுள் சொன்னது. பிறகு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் குக்கிகளை நிறுத்தும் வேலையை ஐபோனின் சஃபாரி பிரவுசர் 2020-லேயே முடித்துவிட்டது.

ஃபயர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சொந்தப் போனில் இருப்பது அதுதான். மொசில்லா என்ற லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் கீழ் வருவது. கணினியில் போடுகிற மாதிரி போனிலும் நீட்சி போடலாம். முதலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டுமே அனுமதித்தார்கள், 2023 டிசம்பரில் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்கள். அவற்றில் நான் யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் முதலில் சேர்ப்பது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் எழுதி இலவசமாகக் கொடுத்த விளம்பரத் தடுப்பான் அது.

இது என்ன வித்தியாசம் செய்கிறது என்பதை ஒரு தக்காளி விலைப் பக்கத்தில் பார்க்கலாம். காலை ஆறு மணி, மண்டி விலை தெரிய வேண்டும். ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். தலைப்பு வருகிறது, "பாலக்கோடு" என்ற சொல் கண்ணில் படுகிறது, அதன்மேல் கட்டைவிரலைக் கொண்டுபோகிறீர்கள். அந்த நொடியில் மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்து பக்கம் முழுவதும் நாலு விரற்கடை கீழே இறங்குகிறது. விரல் பட்டது கடன் விளம்பரத்தில். புதிய பக்கம் திறக்கிறது, திரும்பி வந்தால் பழைய பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. கண்ணாடி கீறிய போனில், ஈர விரலோடு, வண்டி கிளம்பும் அவசரத்தில் ஒருவர் இதைச் செய்து பார்த்தால்தான் அந்தத் தொல்லை புரியும். தடுப்பான் போட்ட ஃபயர்பாக்ஸில் அதே பக்கம் வந்த இடத்திலேயே நிற்கும். அப்புறம் முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் வாசிப்புப் பார்வை என்று ஒன்று உண்டு. அதைத் தட்டினால் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும், மற்றதெல்லாம் போய்விடும். கண் மங்கிய பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

முகவரிப் பட்டையைத் திரையின் அடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரு கையில் போன் பிடிக்கிறவர்களுக்கு வசதி. பிடிஎஃப் கோப்பைத் தானே திறந்து காட்டும். மெனுவைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். குறை என்றால், தளம் எழுதியவர்கள் குரோமில் மட்டும் சோதித்துவிட்டிருந்தால் ஃபயர்பாக்ஸில் ஏதாவது ஒரு பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ள பழைய போனுக்கு இதை நான் முதலில் சொல்வதில்லை. இன்னொன்று, தடுப்பானை நாமே தேடிப் போட வேண்டும். போட்டுக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் ஃபயர்பாக்ஸின் பாதிப் பயன் கிடைக்காமலே போய்விடும்.

விளம்பரத்தை முழுக்கத் தடுப்பதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. தமிழில் நல்லதாக எழுதுகிற சின்னத் தளங்கள் அந்த விளம்பரக் காசில்தான் நடக்கின்றன. நான் தினம் படிக்கும் இரண்டு தளங்களில் மட்டும் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். அவை பக்கத்தைக் குதிக்க வைப்பதில்லை, கடன் ஆசை காட்டுவதில்லை. யூபிளாக் ஆரிஜினில் பெரிய பொத்தானை ஒருமுறை தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும்.

மாரண்டஹள்ளி அண்ணனுக்கு நான் போட்டுக் கொடுத்தது பிரேவ். காரணம் எளியது. நிறுவிய நிமிடத்திலிருந்து அது விளம்பரத்தையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கிறது, அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குரோமியம் எஞ்சின் என்பதால் தளங்களும் முரண்டு பிடிப்பது குறைவு. மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவருமான பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனம் இது. யூடியூப் வீடியோவைத் திரை அணைந்த பிறகும் பாடவிடும் ஒரு அமைப்பும் உள்ளே இருக்கிறது. வயலில் வேலை செய்துகொண்டே பேச்சு கேட்கிறவர்களுக்கு அது பிடித்துப்போகும்.

பிரேவிலும் எனக்கு ஒவ்வாதவை உண்டு. கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசை வைக்கும் வாலட், விளம்பரம் பார்த்தால் வெகுமதி என்று முதல் பக்கத்திலேயே கேட்காத சாமான்கள். எங்கள் பக்கத்தில் கிரிப்டோ என்ற சொல்லை வைத்தே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் நான் யாருக்குப் போட்டாலும் அந்தப் பெட்டிகளை முதலில் மறைத்துவிடுவேன். 2020-இல், சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்து நிரப்பியது தெரியவந்து, அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனை அலறவைத்த அந்த அறிவிப்புகள் பிரவுசரை மாற்றினால் மட்டும் நிற்காது. "அனுமதி" என்று மறுபடி அழுத்தினால் எந்த பிரவுசரிலும் வரும். குரோமானாலும் பிரேவானாலும், அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போய், தளங்கள் கேட்கவே கூடாது என்று அணைத்துவிட வேண்டும். எதை நிறுவினாலும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். குரோமிலேயே இருக்க விரும்புகிறவர்களும் இந்த ஒன்றைச் செய்தால் தொல்லை பெருமளவு குறையும்.

ஓபரா மினியைப் பற்றி எழுதும்போது மனசு கொஞ்சம் இளகிவிடுகிறது. தருமபுரியில் நான் கல்லூரி படித்த நாட்களில் கையில் நோக்கியா பட்டன் போன். தமிழ்த் தளம் எதைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்தார். முகவரி இடத்தில் ஓபரா, அதையடுத்து முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதன் கடைசியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்ற கேள்வி இருக்கும், அதற்கு ஆம் என்று கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மறுபடி திறந்தேன். கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் தமிழாக வந்தது. பேருந்தில் மொரப்பூர் போகும்வரை அன்றைக்குப் படித்துக்கொண்டே போனேன்.

அந்த வித்தை எப்படி நடந்தது என்பதே அதன் பலமும் பலவீனமும். நார்வே நிறுவனமான ஓபரா 2005-இல் கொண்டுவந்த இந்த பிரவுசரில், பக்கத்தை முதலில் திறப்பது நம் போன் இல்லை, அவர்களுடைய சர்வர். அங்கே சுருக்கி, மெலிதாக்கி நமக்கு அனுப்பும். 2ஜி காலத்தில் இது பெரிய வரம். இன்றும் அதிகபட்ச சேமிப்பு என்ற முறையில் அப்படித்தான் நடக்கிறது. நாம் அடிப்பது எல்லாம் இடையில் ஒரு சர்வரைக் கடந்து போவதால் வங்கி வேலையை அந்த முறையில் செய்யக் கூடாது. படிவம் நிரப்பி, கேப்ட்சா போட்டு, ஓடிபி வாங்கும் நவீனப் பக்கங்களும் அதில் திணறும். 2016-இல் ஜியோ வந்த பிறகு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் போய்விட்டது. குரோமே தன் டேட்டா சேமிப்பு முறையை 2022-இல் மூடிவிட்டது. ஆனாலும் சித்தேரி மலையில் வேலை பார்க்கும் என் தோழி இன்னும் ஓபரா மினி வைத்திருக்கிறாள். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது செய்தி படிக்க மட்டும். அந்த ஒரு காரியத்துக்கு அது இன்றும் சரியான தேர்வுதான். அஞ்செட்டிப் பக்கம் மலையோரத்தில் இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஓபரா மினியோடு சேர்த்து நினைவுக்கு வருவது யூசி பிரவுசர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 சீன செயலிகளில் அதுவும் ஒன்று. ப்ளே ஸ்டோரில் இல்லை என்றதும் யாரோ அனுப்பிய கோப்பிலிருந்து நிறுவி வைத்திருக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து நீக்கிவிடுங்கள். யார் கை வைத்த கோப்பு என்றே தெரியாது, பாதுகாப்புத் திருத்தமும் வராது. போன் கம்பெனிக்காரர்கள் தாங்களே போட்டுக் கொடுக்கும், செய்தியும் விளையாட்டும் கலந்த பிரவுசர்களும் வேண்டாம் என்பதே என் கருத்து. நீக்க முடியாவிட்டால் முடக்கி வையுங்கள்.

சாம்சங் போன் வைத்திருக்கிறவர்கள் வேறு எதையும் தேடும் முன் அதிலேயே இருக்கும் சாம்சங் இன்டர்நெட்டைப் பாருங்கள். விளம்பரத் தடுப்பானை ப்ளே ஸ்டோரிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், பொத்தான்கள் அடியில் இருக்கும், ரகசிய முறைக்குக் கைரேகைப் பூட்டுப் போடலாம். எட்ஜ், அலுவலகக் கணினியிலும் அதையே பயன்படுத்துகிறவர்களுக்கு. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தம்பி கம்பெனி லேப்டாப்பில் திறந்த பக்கத்தைப் பேருந்தில் போனில் தொடர்ந்து படிக்கிறான், அவனுக்கு அது போதும். விவால்டி நிறைய அமைப்புகளைத் திருகிப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு.

டக்டக்கோ என்ற பிரவுசரை நான் சொல்வது ஒரே போனை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு. அதில் நெருப்புச் சின்னம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. தட்டினால் திறந்திருந்த பக்கங்கள், தளங்கள் விட்டுவைத்த குக்கிகள் எல்லாம் அழிந்துவிடும். ஃபயர்பாக்ஸ் ஃபோகஸும் இதே குணம். அப்பாவின் போனில் கல்லூரி விண்ணப்பம் போடும் பெண் பிள்ளைகள், வேலை முடிந்ததும் ஒரு தட்டில் துடைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

இதோடு சேர்த்து மறைநிலை (இன்காக்னிட்டோ) பற்றியும். மறைநிலையில் போனால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்தப் போனில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். நெட் கொடுக்கிற கம்பெனிக்கும், நாம் போகிற தளத்துக்கும் தெரியத்தான் செய்யும். மறைநிலையில் சேர்ந்த தரவு பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்கு 2024-இல் சமரசமானபோது, அந்தப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

ஐபோன்காரர்களுக்கு இந்தப் பேச்சு பாதிதான் பொருந்தும். நம் நாட்டில் ஐபோனில் எந்த பிரவுசர் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான் ஓடும். ஃபயர்பாக்ஸ் என்று பெயர் இருந்தாலும் ஆண்ட்ராய்டில் போடும் நீட்சிகள் அங்கே வராது. சஃபாரியிலேயே ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொண்டு இருந்துவிடலாம். இல்லையென்றால் பிரேவ்.

இத்தனையும் பார்த்தபின் நான் கடையில் செய்வது இதுதான். ஒரே பிரவுசரில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புவதில்லை, இரண்டு வைத்துக் கொடுக்கிறேன். குரோம் அப்படியே இருக்கட்டும். பட்டா, வில்லங்கம், வங்கி, தேர்வுத் தளம் என்று பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கிற வேலைகளுக்கு மட்டும் அது. சில தளங்கள் நகலைப் புதுச் சாளரத்தில் திறக்கும், தடுப்பான் கடுமையாக இருந்தால் வெள்ளைப் பக்கமாக நின்றுவிடும், அதனாலும் இந்தப் பிரிவு வசதி. படிக்க, பார்க்க, தேட, வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் திறக்க இன்னொன்று. தானே அமைப்புகளைத் தொடத் தயங்குகிறவருக்குப் பிரேவ். கொஞ்சம் பழகிய கை, 4 ஜிபிக்கு மேல் ரேம் என்றால் ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும். எது இருந்தாலும் பணம் கட்டும் முன் முகவரியின் முடிவைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் சேவைத் தளம் என்றால் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன், அல்லது குறைந்தது ஜிஓவி டாட் இன் என்று பெரும்பாலும் முடியும். பட்டா என்று தேடியதும் மேலே வரும் விளம்பர லிங்கில் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு நான் செய்ய முடிந்தது சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்கச் சொன்னது மட்டும்தான்.

மாற்றும்போது ஒரு வரிசை இருக்கிறது. புதியதை நிறுவியதும் போனின் அமைப்புகளில் ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் என்று போய் அதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் லிங்க் எல்லாம் பழையதிலேயே திறக்கும். ஆனால் ஃபேஸ்புக் தன் உள்ளேயே ஒரு பிரவுசரில் திறந்துகொள்ளும், அங்கே உங்கள் தடுப்பான் எதுவும் வேலை செய்யாது. வெளியே திறக்கச் சொல்லும் அமைப்பை அதில் தனியாக மாற்ற வேண்டும். பழைய பிரவுசரின் டேட்டாவைத் துடைக்கும் முன் அதில் எந்தெந்தப் பாஸ்வேர்டு சேமித்திருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். குறிப்பாக மகனோ மகளோ எப்போதோ போட்டுக் கொடுத்த உதவித்தொகைக் கணக்கின் பாஸ்வேர்டு பல வீடுகளில் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.